காலடிப்பேட்டைப் பெண், ராயபுரத்து மாப்பிள்ளை

ராயபுரம்,
8-1-1973

காலடிப்பேட்டை மளிகைக் கடை உரிமையாளர் அய்யாத்துரை அவர்களுக்கு,

ஹார்பர் வின்ச் டிரைவர் கஸ்பார் எழுதுவது. உங்கள் நலத்தை விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வயிறெரியச் செய்தவர்கள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆறு வருஷமாகப் பேசாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். உங்களோடு பேசமாட்டேன், உங்கள் வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்றுதான் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. என் மைத்துனி டோரதியிடமும் கேட்டுவிட்டேன். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். எழுதினால் சத்தியம் கெடாது என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் கப்பல்காரன் ஒருவன் ஜாம் பாட்டிலில் எனக்குக் கொடுத்த ஆறு கப்பி மீன்களை நாம் இரண்டு பேரும் உங்கள் கடைக்குப் பின்னாலிருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விட்டு வளர்த்தோம். சண்டை வந்து பிரிந்தபோது, மிஞ்சியதில் பாதியை நான் வாளியில் எடுத்து வந்தேன். அந்த வம்சத்தில் இப்போது ஒன்பதுதான் மீதி. ஆண்களுக்கு விரல் நீள வால், செக்கச்செவேலென்று, பார்க்கிறவன் சொக்கிப்போவான். ஆனால் அந்த வாலை இழுத்துக்கொண்டு நீந்த முடியாமல் தவிக்கிறான்கள். பெண்களுக்கு முதுகு கூன். முன்பு முப்பது குட்டி போட்ட இடத்தில் இப்போது மூன்று, அதிலும் இரண்டு வளைந்து பிறக்கிறது. ஆறு வருஷமாக ஒரே வீட்டுக்குள்ளேயே கல்யாணம் செய்து வைத்தால் வேறென்ன ஆகும் என்று டோரதி திட்டுகிறாள். வெளி ரத்தம் வேண்டுமாம். கடையில் விற்கிற மீனை வாங்கி விட எனக்கு மனசில்லை. அது எந்த ஊர் மீனோ! நம்ம சிங்கப்பூர் வம்சத்துப் பெண் உங்கள் தொட்டியில்தான் இருக்கிறது.

மூன்று பெண் மீன் வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷத்தோடு என் வீட்டில் அந்த வம்சம் அவுட். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பெரிய மனசு. அது சின்ன மனசு என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ச. கஸ்பார்


உ
செந்திலாண்டவன் துணை

காலடிப்பேட்டை,
17-1-1973

கஸ்பார் அவர்களுக்கு,

உமது கடிதம் பொங்கல் வியாபாரத்தில் மேஜைக்குள்ளேயே கிடந்துவிட்டது. ஆறு வருஷம் பொறுத்தவர் ஆறு நாள் பொறுக்கமாட்டீரா?

நடந்ததை நானும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். சீனியம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தாள். புண் ஆற விரால் குழம்பு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். உயிரோடு ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் அறுக்கும்வரை சாகக்கூடாதே என்று நம்ம தொட்டியில் விட்டேன். விரால் நமக்கு என்ன நல்லது செய்யும் என்று தெரியும், அது என்ன தின்னும் என்று யோசிக்கவில்லை. விடிந்து பார்த்தால் மீனில் பாதி காணோம், உம்ம செல்லப்பிள்ளை சிவப்பனும் காணோம். தப்பு என் பேரில். அதை அன்றைக்கே உம்மிடம் ஒப்புக்கொண்டேன்.

நீர் என்ன செய்தீர்? கடையில் இருபது பேர் நிற்கும்போது, "உன் சம்சாரம் துன்றதுக்கு வேற மீனே கெடைக்கலியா?" என்று தொண்டை கிழியக் கத்தினீர். உள்ளே பாயில் படுத்திருந்தவள் காதில் அது விழுந்தது. அந்த விராலை அவள் தொடவே இல்லை. "அத அறுக்காண்டாம், கெடந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை அதே தொட்டியில்தான் கிடக்கிறது, என் முழங்கை நீளத்துக்கு. மிஞ்சின கப்பிகளுக்கு ஒளிந்துகொள்ளச் செங்கல் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

உமக்குச் சிவப்பன் போனது வலித்தது. எனக்கு அந்தப் பேச்சு வலித்தது. நானும் வடிவுடையம்மன் சந்நிதியில் சத்தியம் செய்தவன்தான், பேசமாட்டேன். எழுதலாம் என்கிற உம்ம சட்டம் எனக்கும் சௌகரியம்.

பெண் வேண்டுமென்றால் பெண் கேட்கிற முறையில் கேளும். துவரம்பருப்பு கேட்கிற மாதிரி கேட்டால் எந்த வீட்டில் கொடுப்பார்கள்?

அய்யாத்துரை


ராயபுரம்,
29-1-1973

மாண்புமிகு பெண்வீட்டார் அவர்களுக்கு,

மாப்பிள்ளை வீட்டார் வணக்கத்துடன் எழுதுவது. மாப்பிள்ளை சிவந்த நிறம், வயது ஐந்து மாதம், சொந்தத் தொட்டி, தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டான். வெற்றிலைத் தட்டுக்குப் பதிலாக ஒரு கொத்து வேலம்பாசியும், பழத்துக்குப் பதிலாக ஒரு டப்பா கொசுப்புழுவும் லியாகத் அலியின் மீன்பாடி வண்டியில் அனுப்பியிருக்கிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் கடைக்குச் சரக்கு ஏற்றிவருகிற அதே லியாகத் அலிதான். "இன்னா நைனா, கொசுவுக்கு டெலிவரியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டான். முறையாகக் கேட்டாச்சு. போதுமா?

ஆனால் நான் பெண் கேட்கப்போவதைச் சொன்னதும் டோரதி ஒரு குண்டைப் போட்டாள். "மாமா, ரெண்டும் வேற வேற இனமா மாற ஆரம்பிச்சிருந்தா இன்னா பண்ணுவே?" என்றாள். ஒரே வம்சம்தானே, எப்படி மாறும் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வம்சம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு மலையோ கடலோ வந்து, கொள்வினை கொடுப்பினை நின்றுபோனால் போதுமாம். இந்தப் பக்கத்து இடத்தில் ஒரு மாதிரி உடம்புக்காரன் பிழைப்பான், அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி உடம்புக்காரன் பிழைப்பான். பிழைத்தவன்தானே பிள்ளை பெறுவான்! அப்பன் ஜாடை பிள்ளைக்கு வரும். இப்படியே ஆயிரக்கணக்கான தலைமுறை விலகிப் போனால், பிறகு ஒருநாள் இரண்டும் நேருக்கு நேர் வந்தாலும் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது. சேர்ந்தாலும் பிள்ளை தங்காது. அப்போது அது இரண்டு இனம். உலகத்தில் புது இனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டானதாம். "கடவுள் படைச்சாருன்னு பூசையில சொல்றாங்களே" என்றேன். "படைச்சவரு வேலைய நிறுத்திட்டாருன்னு ஒனக்கு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் காபி குடிக்கிறாள்.

மீனுக்கு ஆறு வருஷம் என்றால் ஏறக்குறைய இருபது தலைமுறை. அது போதவே போதாது, பயப்படாதே என்கிறாள். எனக்குப் பயம் போகவில்லை. நமக்கு நடுவில் மலையும் இல்லை, கடலும் இல்லை. மூன்று மைல் தூரமும் என் வாயும்தான் இருந்தது.

கஸ்பார்


உ
காலடிப்பேட்டை,
7-2-1973

சம்பந்தி கஸ்பாருக்கு,

தட்டு வந்தது. கொசுப்புழுவை விரால் தின்றுவிட்டது, மன்னிக்கணும்.

மூன்று பெண்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அனுப்புகிறேன். சீனியம்மாள்தான் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். "பாத்து கொண்டுபோங்க, குலுக்காதீங்க" என்று லியாகத் அலியிடம் நாலு தரம் சொன்னாள். அதை நீர் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

இங்கே ஆண்களைப் பார்த்தால் நீர் சிரிப்பீர். வால் குட்டை, நிறம் தொட்டிச் சுவர் நிறம். நானும் முதலில் சாப்பாடு பத்தவில்லை என்று நினைத்தேன். உம்ம கடிதத்தைப் படித்தபிறகு ஒரு வாரம் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இங்கேயும் சிவந்த வாலோடு ஒன்றிரண்டு பிறக்கத்தான் செய்கிறது. வால் விரிந்து நாலு நாள் மினுக்குவான். ஐந்தாம் நாள் விரால் வாயில் இருப்பான். மங்கலாய் இருக்கிறவன் செங்கலோடு செங்கலாய் ஒட்டிக்கிடந்து பிள்ளைகுட்டி பெறுகிறான். உம்ம வீட்டில் நீர் பொறுக்குகிறீர், என் வீட்டில் விரால் பொறுக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அய்யாத்துரை


ராயபுரம்,
14-3-1973

சம்பந்தி என்று அழைத்து ஏமாற்றிய அய்யாத்துரைக்கு,

என்னையும் விராலையும் ஒரே தராசில் வைத்தீர்களே, அதைக்கூட மன்னித்தேன். இதை மன்னிக்கமாட்டேன்.

உங்கள் பெண்கள் வந்த நாளிலிருந்து ஓட்டம்தான். என் மாப்பிள்ளைகள் வாலை விரித்து, உடம்பை வளைத்து, வளைய வளைய ஆடுகிறான்கள். சிவப்பைக் கண்டாலே இவள்கள் மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறாள்கள். போச்சு, வேறு இனமாகிவிட்டது என்று நான் இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. அப்புறம் பத்தாம் நாள் ஒருத்தி இருபத்தேழு குட்டி போட்டாள்! ஒன்றுக்கும் கூன் இல்லை. தெருவுக்கே சாக்லேட் கொடுத்தேன், ஐயா. எங்கள் பங்குச் சாமியாருக்குக்கூடக் கொடுத்தேன்.

டோரதி வந்து பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கப்பிக்குக் குட்டி வயிற்றில் வளர ஒரு மாசம் ஆகுமாம், பத்து நாளில் எப்படி வரும் என்கிறாள். அதோடு ஒருதரம் ஆணோடு சேர்ந்த பெண், அந்த விதையை வயிற்றிலேயே வைத்திருந்து மாசக்கணக்கில் குட்டி போடுமாம். அதாவது அண்ணாச்சி, உங்கள் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்தே மசக்கையோடு வந்திருக்கிறார்கள். இருபத்தேழும் உங்கள் சுவர் நிறத்துப் பயல்களின் பிள்ளைகள். நான் ஊருக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறேன்!

இப்போது ஹார்பரில் என்னைப் பார்க்கிறவனெல்லாம், "இன்னா கஸ்பாரு, பேரன் நல்லாக்கீறானா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறான். ஒரே பேஜாராக இருக்கிறது.

கஸ்பார்


உ
காலடிப்பேட்டை,
21-3-1973

கஸ்பாருக்கு,

உன் கடிதத்தைச் சீனியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சாக்லேட் வரி வந்ததும் ஆபரேஷன் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், அந்த மனுசன்" என்றாள். உன்னைப் பற்றி அவள் வாயிலிருந்து ஆறு வருஷத்தில் வந்த முதல் பேச்சு இது.

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஏமாற்றவில்லை. மாசமாய் இருக்கிற பெண்ணைக் கட்டிக்கொடுத்த குற்றத்துக்குப் பரிகாரம் செய்கிறேன். இப்போது பிறந்த குட்டிகளில், ஆண் பெண் அடையாளம் தெரிந்ததும், பெண்ணை மட்டும் பிரித்து எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தனித் தொட்டியில் விடுகிறேன். அந்தக் குமருகள் மேல் ஓர் ஆண் நிழல்கூடப் படாது. விராலும் கிடையாது, அதனால் இந்த ஓட்டமும் கொஞ்சம் குறையும். ஜூன் மாசம் தயாராகிவிடும். அதுவரை உன் மாப்பிள்ளைகளைக் காப்பாற்று.

அய்யாத்துரை


ராயபுரம்,
4-6-1973

அண்ணாச்சி,

கத்திரி வெயில் என் தொட்டியைக் கொன்றுவிட்டது. வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது தண்ணீர் கஞ்சி மாதிரி சுட்டது. கூன் விழுந்த பெண்கள், நீங்கள் அனுப்பிய மூன்று பேர், அந்த இருபத்தேழு குட்டிகள் மொத்தமும் போச்சு. ஆண்களில் ஒருத்தன்தான் மிச்சம். சிங்கப்பூர்ச் சிவப்பில் இந்த உலகத்தில் மீந்திருக்கிற ஒரே வால் அது. நாற்பத்தாறு வயசில் மீனுக்காக அழுதேன். சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

இவனை லியாகத் அலி வண்டியில் அனுப்ப மாட்டேன். குலுக்கலில் செத்துவிடுவான். பெண்களை இங்கே அனுப்பினாலும் இந்த வெயிலில் என் தொட்டி தாங்காது. நானே இவனைப் பாட்டிலில் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் சத்தியம் இடிக்கிறது.

ஒரு வாரம் யோசித்தேன். நான் மிதிக்கமாட்டேன் என்று சொன்னது உங்கள் வாசப்படியை. தொட்டி இருப்பது பின்சந்தில். அங்கே தகரக் கதவுதான், படி கிடையாது. உங்களோடு பேசமாட்டேன் என்பதற்குத் துண்டுத்தாள் இருக்கிறது. அந்தோணியார் இதை ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன். அவரும் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர்தானே!

இவன் ஆடி அவர்கள் ஓடினால், அதோடு முடிந்தது அண்ணாச்சி. ஆறு வருஷக் கோபத்தில் நான் வளர்த்த அழகு என்னோடேயே போய்விடும்.

கஸ்பார்


உ
காலடிப்பேட்டை,
11-6-1973

கஸ்பாருக்கு,

வருகிற ஞாயிறு வா. டின் தொட்டியில் மூன்று குமருகள் தயார். தகரக் கதவைத் திறந்து வைக்கிறேன். துண்டுத்தாளுக்குப் பஞ்சமா? மளிகைக் கடை இது.

ஒன்று மட்டும். சத்தியம் என்னோடு பேசக்கூடாது என்றுதான். சீனியம்மாளோடு பேசக்கூடாது என்று நீ எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை.

அய்யாத்துரை


சாமான் மடிக்கிற தாளில், காலடிப்பேட்டைக் கடையின் பின்சந்து, 17-6-1973

தண்ணீர் சூட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? – க.

பார்த்தேன். பாட்டிலோடு டின் தொட்டியில் மிதக்க விடு. உடனே கொட்டாதே. – அ.

எனக்கே சொல்லித்தருகிறீர்களா? – க.

சீனியம்மாள் காபி கொண்டுவருகிறாள். என்னைப் பார்க்காதே, அவளைப் பார். – அ.

நீ அவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. மூக்கைச் சிந்து. காபி ஆறுது. – அ.

உங்களுக்கு என்ன கண்ணில்? – க.

மிளகாய் மூட்டை பிரித்தேன். – அ.

அவனைத் திறந்துவிட்டேன். மூன்று பேரும் பாசிக்குள்ளே போய்விட்டார்கள். போச்சு. – க.

பொறு. புதுப்பெண்ணைச் சுற்றி நின்று பார்த்தால் அவள் எப்படி நிமிர்வாள்? தலையை எடு. – அ.

வாலை விரிக்கிறான். அண்ணாச்சி, விரிக்கிறான். – க.

ஒருத்தி வெளியே வருகிறாள். நின்று பார்க்


ராயபுரம்,
19-6-1973

அண்ணாச்சி,

முதலில் பேசியது நீங்கள். எழுதிக்கொண்டிருந்த தாளைப் போட்டுவிட்டு, "ஏலே கஸ்பாரு, பாருலே, கிட்ட போறா!" என்று கத்தியது யார்? சந்தில் நாய் எழுந்து ஓடியதே! அதற்குப் பிறகுதான் நான், "சும்மா இரு மாமு, பயந்துடப் போவுது" என்றேன். ஆகவே வடிவுடையம்மனிடம் அபராதத் தேங்காய் உங்கள் கணக்கு. நான் பதில்தான் சொன்னேன். பதில் பேச்சில் சேராது என்று டோரதியும் சொல்கிறாள். அவள் இந்தக் குடும்பத்தில் வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள்.

சீனியம்மா அக்காவிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், எழுத்தில் இருக்கட்டும். அன்றைக்கு நான் பேசியது கலீஜான பேச்சு. ஆறு வருஷம் அதை நினைத்து வெட்கப்பட்டேன். வெட்கத்தைக் கோபம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா, "வுடுங்க தம்பி, விரால் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

அவள் கிட்டே போனாள், சரி. சேர்ந்தார்களா, பிள்ளை தங்குமா? ஒரு மாசம் எப்படிக் காத்திருப்பது? வின்ச்சில் நேற்று ஒரு சரக்கைத் தப்பான லாரியில் இறக்கிவிட்டேன்.

கஸ்பார்


உ
காலடிப்பேட்டை,
19-7-1973

மாப்பிள்ளை வீட்டுக் கஸ்பாருக்கு,

நேற்றுக் காலை பத்தொன்பது. கூன் இல்லை, கோணல் இல்லை, பிறந்த கையோடு பாசிக்குள் பாய்ந்து ஒளிகிறது. அது என் வீட்டுப் புத்தி. வால் உன் வீட்டு வாலா என்று தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும். இந்தமுறை சந்தேகமே வேண்டாம், தகப்பன் உன் பையன்தான். அவன் மூன்று பேருக்கு நடுவே மைனர் மாதிரி சுற்றுகிறான்.

கடையில் வந்தவர்களுக்கெல்லாம் நான் சாக்லேட் கொடுத்தேன். சீனியம்மாள் கொடுக்கச் சொன்னாள்.

தேங்காயும் உடைத்துவிட்டேன். ஆனாலும் முதலில் பேசியது நீதான்.

குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும், அன்றைக்கு மாதிரியே பாதி பாதி பிரித்து உன் பங்கை லியாகத் அலியிடம் கொடுத்தனுப்பட்டுமா?

அய்யாத்துரை


ராயபுரம்,
20-7-1973

அண்ணாச்சி,

பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்தால் என்ன ஆகும் என்று பார்த்தாச்சு. என் வீட்டில் அழகு மிஞ்சி நீந்தமுடியாமல் செத்தது, உங்கள் வீட்டில் பயந்து பயந்து சுவர் நிறமாகப் போனது. பத்தொன்பதும் ஒரே இடத்தில் கிடக்கட்டும். என் பங்கு எனக்குப் பார்க்கக் கிடைத்தால் போதும்.

கடிதத்தை டோரதியிடம் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். "ஒரே இனம்தான் மாமா. ஆனா இன்னும் கொஞ்சநாள் வுட்டிருந்தா சொல்றதுக்கில்ல" என்றாள். மீனைத்தான் சொல்கிறாளா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

நாளை மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறேன், இந்தமுறை முன்வாசல் வழியாக. அந்தோணியாருக்கு ஆளுயர மெழுகுவத்தி நேர்ந்து, படியை மிதிக்க உத்தரவு வாங்கிவிட்டேன். டோரதியும் வருவாள். இலை இரண்டு கூடப் போடச் சொல்லுங்கள்.

சீனியம்மா அக்காவை ஒன்றும் சிரமப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். விராலைத் தவிர வேறு எந்த மீன் கிடைத்தாலும் சரி.

உங்கள்
கஸ்பார்